பாக்கியும் பங்கும்: தொழில் தகராறுகள் குறித்து வாசகர் கேள்விகள்

தொழில் ஒப்பந்தங்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: வர வேண்டிய பணம் வரவில்லை, கோர்ட் படி ஏறவும் மனம் இல்லை. நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொள்ளச் சட்டமே பல வழிகளைத் திறந்துவைத்திருக்கிறது. ஆனால் வெளியே தீர்ப்பது என்றால் எழுத்தில்லாமல் தீர்ப்பது என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது கடிதங்களில் தெரிகிறது. என் அனுபவத்தில் உடைந்துபோன சமரசங்களில் பெரும்பாலானவை எழுதாமல் விட்டதால் உடைந்தவை. அதை மனதில் வைத்தே கீழுள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறேன். ஒரு பனியன் கம்பெனிக்கு ஜாப் வொர்க் செய்து கொடுத்த வகையில் 27 லட்ச ரூபாய் பதினான்கு மாதங்களாக நிற்கிறது. கேட்டால் ஷேடு சரியில்லை என்கிறார்கள். நேரடியாக வழக்குப் போட முடியாது, முதலில் சமரசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். பத்து வருட வாடிக்கையாளர் என்பதால் உறவை முறிக்கவும் தயக்கமாக இருக்கிறது. சமரசம் என்றால் பாதியை விட்டுக்கொடுப்பதுதானே?

பதில்: உங்கள் வழக்கறிஞர் சொன்னது சரி. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட 12ஏ பிரிவின்படி, 3 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வணிகத் தகராறில், அவசர இடைக்கால உத்தரவு எதுவும் தேவைப்படாத நிலையில், சமரச முயற்சியை முடிக்காமல் வழக்குத் தாக்கல் செய்ய முடியாது. இது கட்டாயமா, செய்தால் நல்லது என்ற அளவில்தானா என்று உயர் நீதிமன்றங்களிடையே இருந்த கருத்து வேறுபாட்டை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கட்டாயம்தான்; இதைத் தாண்டி வருகிற வழக்குரை நிராகரிக்கப்படும் என்பது அத்தீர்ப்பு. இல்லாத அவசரத்தை இருப்பதுபோல் காட்டி இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது என்பதையும் அடுத்த ஆண்டே அந்த நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நடைமுறை எளியது. உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில், அதற்குரிய படிவத்தில், 1,000 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்புவார்கள். முதல் அறிவிப்புக்குப் பதில் இல்லையென்றால் இறுதி அறிவிப்பு போகும். அதற்கும் வராவிட்டால் ‘சமரசம் தொடங்கவில்லை’ என்று அறிக்கை தருவார்கள், அதை வைத்து நீங்கள் வழக்குத் தொடரலாம். எதிர்த்தரப்பு வந்துவிட்டால், உங்கள் தொகை 10 முதல் 50 லட்சத்துக்குள் வருவதால், சமரசக் கட்டணம் மொத்தம் 30,000 ரூபாய். இரு தரப்பும் பாதிப் பாதி கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும், இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்பது பிரிவில் சொல்லப்பட்டிருக்கிற காலக்கெடு. எதிர்த்தரப்பு வராமலே போய்விடுவது நடக்காத காரியம் இல்லை. அந்த ஏமாற்றத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டே விண்ணப்பியுங்கள்.

பாதியை விட்டுக்கொடுப்பதுதானே என்று கேட்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் சமரசராக அமர்ந்த ஒரு தகராறு, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன், உங்களுடையதைப் போன்றதுதான். சாயப்பட்டறைக்காரரும் பனியன் கம்பெனிக்காரரும் முதல் ஒரு மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பிறகு கம்பெனிக்காரர் ஒரு பாலிதீன் உறையிலிருந்து இரண்டு துணித் துண்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பையர், அதாவது கம்பெனியிடம் பனியன் வாங்குபவர், ஒப்புக்கொண்ட மெரூன், மற்றது பட்டறையிலிருந்து வந்த மெரூன். டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஜன்னலோரம் கொண்டுபோனதும் ஒன்றில் லேசாகப் பழுப்பேறியிருப்பது தெரிந்தது. பட்டறைக்காரர் அந்தத் துண்டை விரலிடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது எங்க லாட்தாங்க” என்று ஒப்புக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா மத்த லாட்டெல்லாம் நல்லபடியாத்தானே போயிருக்கு, அதுக்கும் ஏன் பில் பாஸ் பண்ணலை?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கம்பெனிக்காரரிடம் பதில் இல்லை.

இரு தரப்பையும் தனித்தனியே அழைத்துப் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பையர் கழித்துக்கொண்ட தொகை சிறியது; வேறொரு ஆர்டரில் பணம் முடங்கியதால் கம்பெனி திணறிக்கொண்டிருந்தது; அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஷேடைக் காரணம் காட்டியிருந்தார்கள். அன்று மாலைக்குள் முடிவானது இதுதான்: கெட்டுப்போன துணியைப் பட்டறை கூலி வாங்காமல் கறுப்பாக மாற்றிச் சாயமேற்றித் தர வேண்டும், நன்றாகப் போன துணிக்கான பில் முழுவதையும் கம்பெனி ஆறு தவணைகளில் தர வேண்டும், இனி எந்த ஆர்டரிலும் ஷேடு மாதிரியில் இரு தரப்பும் கையெழுத்திடாமல் அடுத்த லாட் ஓடக் கூடாது. துணியைக் கறுப்பாக்கிக் கொடு என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுத முடியாது. தன் முன் வைக்கப்பட்ட கோரிக்கைக்கு ஆம், இல்லை என்று சொல்வதே அவருடைய வேலை. சமரச அறையில் எது நடைமுறைக்கு உகந்ததோ அதைப் பேசலாம் என்பதுதான் அதன் பலம்.

சமரசர் தீர்ப்புச் சொல்பவர் இல்லை. அங்கே நீங்கள் பேசியதையோ இறங்கிவந்த தொகையையோ பின்னால் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டவும் முடியாது. உடன்பாடு ஏற்பட்டால் அது எழுதப்பட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு, சமரசரின் கையெழுத்தும் பெற வேண்டும். அப்படி எழுதப்பட்ட உடன்பாட்டுக்கு, நடுவர் தீர்ப்புக்கு (நீதிமன்றத்துக்கு வெளியே நியமிக்கப்பட்ட நடுவர் சொல்லும், சட்டப்படி நிறைவேற்றத்தக்க தீர்ப்புக்கு) உள்ள அதே தகுதியை 12ஏ பிரிவு தருகிறது. ஆகவே தவணை தவறினால் புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை, நேரே நிறைவேற்று மனுவுக்குப் போகலாம். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் வட்டியுடன் உடனே செலுத்தத்தக்கதாகும் என்ற ஒரு வரியை அதில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். உங்களிடம் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அடுத்த பதிலையும் அவசியம் படியுங்கள்.

கேள்வி: கோவையில் சிறிய பவுண்டரி வைத்திருக்கிறேன். பம்ப் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு வார்ப்புகள் கொடுக்கிறோம். 120 நாள், 150 நாள் என்று இழுத்துத்தான் பணம் தருகிறார்கள். சட்டம் 45 நாள் என்கிறதாமே? புகார் கொடுத்தால் ஆர்டர் நின்றுவிடுமோ என்று பயம்.

பதில்: 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது. பணம் தருவதற்கு எழுத்தில் கெடு வைத்திருந்தால் அந்தக் கெடுவுக்குள், ஆனால் எக்காரணம் கொண்டும் 45 நாளைத் தாண்டாமல், தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 15 நாள்தான். 120 நாள் கடனுக்கு நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. தாமதித்த தொகைக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாகக் கணக்கிடப்பட வேண்டும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 18 சதவீதம்.

பலரும் கவனிக்காத ஒன்று, சரக்கு ‘ஏற்கப்பட்ட நாள்’ எது என்பது. சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்துமூலம் குறை சொல்லாவிட்டால், சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதுகிறது. ஆறு மாதம் கழித்துப் பணம் கேட்கும்போது ‘வார்ப்பில் ஓட்டை இருந்தது’ என்று போனில் சொல்வதற்கு அதனால்தான் மதிப்புக் குறைவு. ஆகவே டெலிவரி சலானில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் இல்லாமல் வண்டி திரும்பக் கூடாது என்பதை உங்கள் டிரைவருக்குப் பாடமாகவே சொல்லிவையுங்கள்.

பணம் வராதபோது, இதற்கான அரசு இணையதளம் வழியாக, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கான ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் விண்ணப்பிக்கலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்றவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கே அதிகாரம் உண்டு. தில்லிக்கும் மும்பைக்கும் நீங்கள் அலைய வேண்டாம். கவுன்சில் முதலில் இணக்கப் பேச்சு நடத்தும். அது பலிக்காவிட்டால் தானே நடுவராக அமர்ந்தோ வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்தோ தீர்ப்பளிக்கும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் அதைத் தாண்டுவது உண்டு. ஆனால் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்துவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் நிறுவனம் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். வேறு எந்த வழியிலும் சிறு தொழில்காரருக்கு இவ்வளவு பெரிய பிடி கிடைப்பதில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் தனியாக ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) விதி இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பாக்கிக்குச் சலுகை கேட்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எனவே உத்யம் பதிவு இல்லாதவர்கள் பாக்கி விழும்வரை காத்திருக்க வேண்டாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும், நடுத்தர நிறுவனங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பி உலை எரிகிறவர் புகார் எழுதத் தயங்குவார்தான். முதல் படியாக, அந்த நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுக்கு எழுதாமல் கணக்குப் பிரிவுக்கும் ஆடிட்டருக்கும் தெரியும்படி ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். 2023-24 நிதியாண்டு முதல், உங்களைப் போன்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க வருமான வரிச் சட்டம் விடுவதில்லை. பணம் தந்த ஆண்டில்தான் கழிக்க முடியும். பில் தேதியையும் உத்யம் எண்ணையும் குறிப்பிட்டு இதை மரியாதையாக நினைவூட்டினால், கொள்முதல் மேலாளரிடம் நகராத கோப்பு நிதி மேலாளரிடம் நகர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சென்னையில் மென்பொருள் சேவை தரும் சிறு நிறுவனம் எங்களுடையது. பெரிய நிறுவனம் ஒன்று அனுப்பியுள்ள ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் அவர்களுடைய நிர்வாக இயக்குநர் நியமிக்கும் ஒரே நடுவரிடம், தில்லியில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: அப்படியே போட வேண்டாம். சமரசரைப் போல் இல்லாமல், நடுவர் சாட்சியங்களைக் கேட்டுத் தீர்ப்பே சொல்கிறவர். அவர் சொல்வது நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றப்படும். அத்தகையவரை ஒரு தரப்பு மட்டும் தேர்ந்தெடுப்பது முறையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது: தகராறின் முடிவில் அக்கறை உள்ளவர், தான் நடுவராக அமரவும் கூடாது, தனி நடுவரை நியமிக்கவும் கூடாது. அரசுத் துறையும் பொதுத்துறை நிறுவனங்களும் தனியாருடன் போடும் ஒப்பந்தங்களில் இத்தகைய விதி சமத்துவத்துக்கே எதிரானது என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது. எனவே நியமன விதி நிற்காது. நீங்கள் உயர் நீதிமன்றத்தை அணுகி நடுவரை நியமிக்கச் சொல்லலாம். ஆனால் தகராறு எழுந்த பிறகு அவர்கள் நியமித்தவரை ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த ஆட்சேபனையை இழந்துவிடுவீர்கள். அந்த நேரத்தில் நீட்டப்படும் எந்தத் தாளையும் வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள்.

தில்லி என்ற சொல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எந்த ஊரை நடுவர் விசாரணையின் சட்டப்படியான இருக்கையாக எழுதுகிறீர்களோ, அந்த ஊர் நீதிமன்றங்களுக்கே அதன் மீதான மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் போகும். எனவே இருக்கை சென்னை என்று கேளுங்கள். தனி நபரின் பெயருக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் விதிகளை எழுதுங்கள். சென்னையில் 2005-இல் தொடங்கிய நானி பல்கிவாலா நடுவர் தீர்ப்பு மையம் இருக்கிறது, உயர் நீதிமன்றத்தின் நடுவர் தீர்ப்பு மையமும் இருக்கிறது. விசாரணை மொழியை இரு தரப்பும் விரும்பியபடி முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்கச் சட்டம். தமிழிலேயே வைத்துக்கொள்ளத் தடையில்லை. ‘தேவைப்பட்டால் நடுவரிடம் அனுப்பிக்கொள்ளலாம்’ என்பதுபோல் தொங்கலாக எழுதினால் அது நடுவர் ஒப்பந்தமே ஆகாது. ‘நடுவர் தீர்ப்புக்கு உட்படுத்தப்பட வேண்டும்’ என்று உறுதியாக எழுத வேண்டும். தொகை சிறியதாக இருக்கும் தகராறுகளுக்கு, ஆவணங்களை வைத்தே ஆறு மாதத்தில் முடிக்கும் விரைவு முறையைத் தேர்ந்தெடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

நடுவர் தீர்ப்பு முறைக்கு நம் நாட்டில் பழைய அவப்பெயர் ஒன்று உண்டு. 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது நடந்த விதத்தைக் கண்டு வழக்கறிஞர்கள் சிரித்தார்கள், சட்ட அறிஞர்கள் அழுதார்கள் என்று 1981-இல் உச்ச நீதிமன்றமே எழுத நேர்ந்தது. இன்றைய நிலை அவ்வளவு மோசம் இல்லை. இரு தரப்பு மனுக்களும் முடிந்ததிலிருந்து 12 மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும். இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் ஆறு மாதம். அதற்கு மேல் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். தீர்ப்பை எதிர்த்து மனுப் போட்டதாலேயே அது நின்றுவிடும் என்ற நிலையும் 2015 திருத்தத்தோடு போய்விட்டது. அப்படிப் போகும் மனுவிலும் நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிக்காது; குறுகிய சில காரணங்களுக்காகவே தீர்ப்பை ரத்து செய்யும். சென்னையில் எழுந்த ஒரு வழக்கில்தான், அத்தீர்ப்பை நீதிமன்றம் வரம்புக்கு உட்பட்டுத் திருத்தவும் செய்யலாம் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகக் கூறியது. ஆனால் நடுவரின் கட்டணத்தை நீங்கள்தான் தர வேண்டும். சட்டத்தின் அட்டவணையில் மாதிரியாகக் காட்டப்பட்டுள்ள கட்டணமே, 5 லட்சம் வரையிலான தகராறுக்கு 45,000 ரூபாய். சிறு தொகைக்கு ஆர்பிட்ரேஷன் விதியை எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மதுரையில் அப்பா தொடங்கிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியை அண்ணனும் நானும் சரிபாதிப் பங்குடன் நடத்துகிறோம். அண்ணன் மகன் வந்த பிறகு கணக்குகள் எனக்குக் காட்டப்படுவதில்லை. டிரிபியூனல் போனால் குடும்பப் பெயர் கெடும் என்று அம்மா அழுகிறார். பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாமா?

பதில்: பேசுங்கள், அம்மா இருக்கும்போதே பேசுங்கள். குடும்பக் கம்பெனித் தகராறுகளில் வெளியே பேசித் தீர்ப்பதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. சிறுபான்மைப் பங்குதாரரை நசுக்குதல், நிர்வாகக் கேடு என்று தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனால், அது பொதுவெளியில் நடக்கும். குடும்பத்தினர் ஒருவரை ஒருவர் மோசடிக்காரர் என்று எழுதிக்கொண்ட பிரமாணப் பத்திரங்கள் வழக்கு முடிந்த பிறகும் வீட்டுக்குள் கிடக்கும். அத்தீர்ப்பாயம் மட்டுமே தரக்கூடிய சில பரிகாரங்களை நடுவர் தர முடியாது என்பதால், ஆர்பிட்ரேஷனும் இங்கே முழுத் தீர்வு இல்லை. சமரசத்துக்கோ அந்தத் தடை கிடையாது. ஏற்கெனவே தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டவர்களுக்கும், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 442-ஆம் பிரிவு எந்தக் கட்டத்திலும் சமரசக் குழுவுக்கு அனுப்பக் கேட்கும் உரிமையைத் தருகிறது.

பெரியவர்களை வைத்துப் பேசுவதில் ஒரு குறை உண்டு. தாய்மாமனும் சித்தப்பாவும் நல்லெண்ணத்தோடுதான் வருவார்கள், ஆனால் ‘அண்ணன் சொன்னால் கேட்டுக்கொள்’ என்பதைத் தாண்டி இருப்புநிலைக் குறிப்புக்கு வர மாட்டார்கள். உறவினர் ஒருவரும், கணக்குத் தெரிந்த பொதுவான ஆடிட்டர் ஒருவரும், பயிற்சி பெற்ற சமரசர் ஒருவருமாக உட்காருவது நல்லது. முதல் நாளில் பங்கின் விலையைப் பேசாதீர்கள். யாருக்கு எது வேண்டும் என்பதைத் தனித்தனியே சொல்ல விடுங்கள். ஒரு குடும்பத்தில் பல மாதம் இழுத்த பேச்சு, தம்பி தனியே உட்கார்ந்து, ‘பணத்தைக் குறைத்துக்கொள்கிறேன், அப்பா பெயர் போட்ட போர்டு என் கடையிலும் இருக்கணும்’ என்று சொன்ன அன்று முடிந்தது. அது வேண்டும் என்று அவர் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை; அண்ணனும் கேட்டிருக்கவில்லை.

முடிவான பிறகு செய்ய வேண்டியதில்தான் குடும்பங்கள் தவறுகின்றன. சென்னை உயர் நீதிமன்றம் வழியே உச்ச நீதிமன்றம் வரை சென்ற பழைய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். இரு சகோதரர்களின் குடும்பங்கள் ஒரு தனியார் கம்பெனியில் சமமாகப் பங்கு வைத்திருந்தன. எந்தக் கிளையில் யார் பங்கை விற்றாலும் அந்தக் கிளைக்குள்ளேயே முதலில் விற்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். பின்னால் ஒருவர் மற்றக் கிளைக்கு விற்றுவிட்டார். அந்தக் கட்டுப்பாடு கம்பெனியின் சங்க விதிகளில் (கம்பெனியை நடத்துவதற்கான அதன் சொந்த விதிகளில்) இல்லை, எனவே கம்பெனியையும் பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நீங்கள் எவ்வளவு கண்ணீரோடு கைகுலுக்கி முடித்தாலும், பங்கு மாற்றம், இயக்குநர் எண்ணிக்கை, காசோலையில் இருவர் கையெழுத்து, கணக்கைப் பார்க்கும் உரிமை ஆகியவற்றைச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிச் சங்க விதிகளில் சேர்த்து, கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால்தான் அது நிற்கும். நிலமோ கட்டடமோ கைமாறினால் அதற்கான பத்திரம் தனியே பதிவாக வேண்டும். இந்த வேலைகளுக்குத் தேதி குறித்து உடன்பாட்டிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: இயந்திரம் விற்ற வகையில் 40 லட்சத்துக்கு 2019-இல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. இப்போது எதிராளி பேசலாம் என்கிறார். கட்டிய கோர்ட் ஃபீஸ் போய்விடுமா?

பதில்: போகாது. 40 லட்சத்துக்கு 3 சதவீதம் என்று 1,20,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். நீதிமன்றம் சமரசத்துக்கோ லோக் அதாலத்துக்கோ அனுப்பி அங்கே முடிந்தால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பாமல் கட்சிக்காரர்கள் தாங்களாகவே வெளியே பேசி முடித்தாலும் திரும்பக் கிடைக்கும் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நேர்மையாகத் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டவரைத் தண்டிக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருப்பதை நான் மனமார வரவேற்கிறேன்.

இந்த வழியில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. வழக்குகளை வெளித் தீர்வுக்கு அனுப்பும் 89-ஆம் பிரிவு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்தபோது, அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்றே தீர்ப்பானாலும், சமரச விதிகள் வகுக்கப்பட அந்த வழக்கே வழிசெய்தது. நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் திறக்கப்பட்டது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதை உருவாக்குவதில் முன்னின்றார். உங்கள் வழக்கையும் சமரச மையத்துக்கு அனுப்பக் கோரி மனுச் செய்யலாம். எதிராளி நேரில் சொன்னதை நம்பி வழக்கைத் திரும்பப் பெறுவது மட்டும் கூடாது. உடன்பாட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன்படியே தீர்ப்பாணை பெற்றுக்கொள்ளுங்கள். லோக் அதாலத்தில் முடித்தால் அந்த முடிவின் மீது மேல்முறையீடே கிடையாது என்பதால், தொகையிலும் தேதியிலும் முழு மனநிறைவு வந்த பிறகு ஒப்பமிடுங்கள்.

கேள்வி: கரூரிலிருந்து ஜெர்மனிக்கு வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்கிறேன். புதிய பையருடன் ஒப்பந்தம் போடும்போது கரூர் நீதிமன்றம் என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. கரூரில் தீர்ப்பு வாங்கினாலும், சொத்து ஜெர்மனியில் இருக்கும்போது அதை அங்கே நிறைவேற்றுவது பெரும்பாடு. நடுவர் தீர்ப்புக்கு 1958-ஆம் ஆண்டின் நியூயார்க் ஒப்பந்தம் துணை நிற்கிறது. 170-க்கும் மேற்பட்ட நாடுகள், இந்தியாவும் ஜெர்மனியும் உட்பட, அதில் சேர்ந்திருக்கின்றன. ஆகவே ஆர்பிட்ரேஷன் விதி எழுதுங்கள். இருக்கை சென்னையோ, பையர் ஒப்பாவிட்டால் சிங்கப்பூரோ இருக்கலாம். அதற்கு முன் முப்பது நாள் சமரசப் பேச்சு என்று ஒரு படியைச் சேர்ப்பதும் நல்லது.

கேள்வி: ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்று இரண்டரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் நண்பராகிவிட்ட வாடிக்கையாளர். நோட்டீஸ் விட மனம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

பதில்: நட்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் தேதியைத் தவறவிடாதீர்கள். கடனுக்கு விற்ற சரக்கின் பணத்துக்கு, கடன் கெடு முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. கெடு எதுவும் இல்லையென்றால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. நடுவரிடம் போவதற்கும் இதே காலவரம்புதான். நேரில் பேசிக்கொண்டிருந்தோம், போனில் தருவதாகச் சொன்னார் என்பதெல்லாம் இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. மூன்று ஆண்டு முடியுமுன் அவர் ‘இவ்வளவு தர வேண்டியிருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். முடிந்த பிறகு எழுதினால் இந்தச் சலுகை கிடைக்காது. ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லி, மார்ச் 31 தேதியிட்ட பாக்கி உறுதிக் கடிதம் ஒன்றை அவருக்கு அனுப்பிக் கையெழுத்துக் கேளுங்கள். நண்பராக இருந்தால் போட்டுக் கொடுப்பார். அதில் மனவருத்தத்துக்கு இடமில்லை.

போடாவிட்டால், உங்கள் பாக்கி 3 லட்சத்துக்குக் குறையாதிருந்தால், முதல் பதிலில் சொன்ன 12ஏ விண்ணப்பத்தை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் உடனே கொடுத்துவிடுங்கள். சமரசம் நடக்கும் காலம் மூன்று ஆண்டுக் கணக்கில் சேராது. அது வழக்கு நோட்டீஸ் இல்லை, பேச வரச் சொல்லும் அழைப்பு என்பதால் நண்பரிடமும் விளக்கிச் சொல்ல முடியும். உங்களிடம் மிச்சம் இருப்பது ஆறு மாதம்தான். எந்த பில்லுக்கு எந்தத் தேதி என்று லெட்ஜரைப் பார்த்து எழுதிவையுங்கள். முதலில் போட்ட பில்லுக்குத்தான் கெடு முதலில் முடியும்.